பாசி வெளுத்த திங்கட்கிழமை

ஸ்டீபா,

ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்காக ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொல்வதற்காக மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, துணியெல்லாம் எடுத்து வைத்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் வந்தாலும் அப்படித்தான் ஆகும். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு எதையாவது பேசத் தொடங்கிவிடும். இருபத்தாறு வருடமாக உனக்கு அம்மாவாக இருக்கிறேன். என் கோழைத்தனம் எந்த வழியாக வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன், முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கெலட்டன் லைனில், நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை மோரியில் நீ வளர்த்த பாசியைக் கொன்றது லைனைக் கூட்டுகிற எல்லையா இல்லை. நான். நீ நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த புகாரால் அவருடைய வேலை போனது. அந்த வேலையை அவருக்குத் திரும்ப வாங்கித் தர வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. அது உன்னால் மட்டும்தான் முடியும்.

இப்போது கோபம் வந்திருக்கும். வரட்டும். ஆனால் கடைசி வரைக்கும் படி.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது, பேக்டரி குவார்ட்டர்சில் இருந்த உன் வகுப்புப் பையன் ஒருவனின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தாய். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவங்க வீட்டு கக்கூஸ் நாறவே இல்லம்மா, நம்மளுது மட்டும் ஏம்மா நாறுது?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று அன்றைக்கு உனக்குப் புரிந்திருக்காது. எனக்கும் பதில் தெரியாது என்பதுதான் காரணம். தெரியாது என்பதும் பொய். நம் ஆட்களைப் பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி இறக்கித் தங்கம் எடுத்தவர்களுக்கு, அதே ஆட்களின் வீட்டுக்கு ஒரு ஒழுங்கான சாக்கடைக் குழாய் போடத் தோன்றவில்லை. சுரங்கத்தை மூடிவிட்டுப் போனபோதும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவனுக்கும் தோன்றவில்லை. இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அடிப்பது சுலபமாக இருந்தது. அந்தக் கேள்வியை நீ விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே பெங்களூர் வரைக்கும் போய்ப் படித்தாய். படித்துவிட்டு அந்தக் கேள்வியோடு திரும்பி நம் மோரிக்கே வந்தாய். உன்னைப் பற்றி எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வாங்கின மார்க் இல்லை.

அந்த ஆறு மாதத்தை நான் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். பழைய தகரங்களைச் சரிவாக அடுக்கி, மேலே கொசுவலையை விரித்து, மோரித் தண்ணீரைத் தொட்டியில் தெளியவிட்டு அதன் மேல் மெல்லிய தாளாக ஓடவிட்டாய். பத்து நாளில் வலை முழுக்கப் பச்சை நூல் நூலாகப் பாசி பிடித்தது. லைன் வீட்டு ஜனமே வந்து வேடிக்கை பார்த்தது. "ஊர்ல எல்லாரும் பாசியத் தேய்ச்சிக் கழுவறாங்க, உம் புள்ள அத வளத்து வுட்டுக்கினு கீறான்" என்று பக்கத்து வீட்டு வசந்தா சிரித்தாள். நான் அவளிடம், பாசி அழுக்கைத் தின்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். நீ திருத்தினாய். "தின்னுடுதுன்னு சொல்லாதம்மா. புடிச்சி வெச்சிக்குது, அவ்வளவு தான். வாரா வாரம் நாம வழிச்சி எடுக்கணும். எடுக்காம வுட்டா அழுகி, புடிச்சதெல்லாம் திரும்பத் தண்ணிக்கே வந்துடும்." அந்த வழிக்கும் வேலையைத்தான் சனிக்கிழமைதோறும் எல்லையா செய்தார்.

நீ கேட்டு அவர் வரவில்லை, தானாக வந்தார் என்பது ஞாபகம் இருக்கிறதா? காலையில் லைனைக் கூட்டிவிட்டு, மத்தியானம் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார். "தம்பி, இந்தத் தண்ணியில நா இருபது வருசமா நிக்கறேன். மொத தடவ என் காலு எனக்குத் தெரியுது" என்று சொன்னார். நீ அதை உன் நோட்டில்கூட எழுதி வைத்தாய். நான் அவருக்கு டீ கொடுப்பேன். எந்த டம்ளரில் கொடுப்பேன் என்று நீ என்றைக்காவது கவனித்திருக்கிறாயா? நம் வீட்டு டம்ளர் இல்லை. பின்கதவுக்கு வெளியே ஆணியில் தனியாக மாட்டி வைத்திருந்த ஈயம் போன டம்ளர். நம்மைச் சேரி என்று ஒதுக்கினவர்களைப் பற்றி நான் எவ்வளவு பேசுவேன். ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் ஒரே சரீரம் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். நமக்குக் கீழே ஒருவர் வந்து நின்றதும் என் கை தானாகவே அந்த ஆணிக்குப் போனது. இந்த டம்ளரைப் புரிந்துகொண்டால்தான், பிறகு நான் வாயைத் திறக்காததும் உனக்குப் புரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் நகராட்சி ஆட்களும் உன் காலேஜ் பேராசிரியரும் பார்க்க வருகிறார்கள், பார்த்துப் பிடித்திருந்தால் லைன் முழுக்க இதைச் செய்ய அனுமதி கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, நீ ஏதோ படம் பிரிண்ட் எடுக்கப் பங்காருபேட்டைக்குப் போனாய். எனக்கு அன்று லீவு. உட்காரவே முடியவில்லை. நான் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளியின் மகள். கம்பெனிக் காலத்தில் இன்ஸ்பெக்ஷன் என்று சொன்னால் லைனே நடுங்கும். ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மோரியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு போட வேண்டும். எந்த வீட்டு மோரி நாறினாலும் அந்த வீட்டு ஆளின் பெயர் ஷிப்ட் ஆபீசுக்குப் போகும். கம்பெனி போய்விட்டது, அந்தப் பயம் என் உடம்பை விட்டுப் போகவில்லை. உன் பேராசிரியர் வந்து மூக்கைப் பொத்தினால் உனக்கு அவமானம் என்று நினைத்தேன். நாறுகிற தண்ணீரைப் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

எல்லையா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"இன்னாக்கா?"

"பிளீச்சிங் பவுடர் கீதா? நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க."

"கீது. தம்பிக்குத் தெரியுமா?"

"அவனுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம். ஓரமா தான் போடப் போறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சைக்கிளில் கட்டியிருந்த மூட்டையைப் பிரித்து அரை வாளி கொடுத்தார். "ஓரமாவே போடுக்கா. உள்ள வுட்டுடாத. பாசிக்கு ஆவாதுன்னு தம்பி சொல்லிச்சி."

ஓரமாகத்தான் போட்டேன். சுவரில் அடித்து மீந்த சுண்ணாம்பையும் ஓரமாகத்தான் ஊற்றினேன். நாற்றம் போகவில்லை. வெயில் ஏற ஏற அதிகமானது. எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆனது. மிச்சப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தண்ணீர் தொட்டிக்கு வருவதற்கு முன்னால், மோரிக்குள்ளேயே இரண்டு வாளி ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினேன். பாசி வரைக்கும் போவதற்குள் நீர்த்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. அவர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் வலை முழுக்க வெளுத்துக் கிடந்தது, வேகவைத்த சேமியா மாதிரி. வந்தவர்கள் ஐந்து நிமிடம் நின்றார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். பேராசிரியர் உன் தோளைத் தட்டி ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் ஜீப் திரும்பியதும் நீ தண்ணீரில் ஒரு சோதனைக் காகிதப் பட்டையை விட்டுப் பார்த்து, "பிளீச்சிங்" என்று மட்டும் சொன்னாய். வீடு வீடாகப் போய்க் கேட்டாய். யார், யார் என்று கத்தினாய். வசந்தாவைக் கேட்டாய், அவள் மாமியாரைக் கேட்டாய், கடைசி வீட்டுச் செவிட்டுக் கிழவரைக்கூட விடவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டி, இன்ஸ்பெக்ஷன் என்றால் எல்லையாதானே போடுவான் என்று யாரோ சொன்னார்கள். அவர் அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டை பின்னால் இருந்தது.

"இது உன் மூட்டை தான?"

"ஆமா தம்பி. மூட்ட என்னுது தான்."

"பாசி வந்துட்டா மோரி கழுவற வேல போயிடும்னு தான இத செஞ்ச? உங்க புத்தியே இது தான்."

உங்க புத்தி. என் பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தது. அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையெல்லாம் அந்தப் பவுடர் வாடை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலமே நீ புகார் எழுதினாய், வேண்டுமென்றே நாசம் செய்தார் என்று. அடுத்த மாதம் கான்ட்ராக்டர் அவரை நிறுத்தினான். ரேஷன் கடையில் உளறினதற்கெல்லாம் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிற நான், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு இன்னொரு வேலை கிடைக்கும், என் பிள்ளைக்கு என் மேல் இருக்கிற மரியாதை போனால் கிடைக்குமா என்று கணக்குப் போட்டேன். அவருடைய இடத்தில் வசந்தா இருந்திருந்தால் நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன்.

போன மாதம் விடியற்காலை ரயிலில் அவரைப் பார்த்தேன். பெங்களூரில் ஆபீஸ் துடைக்கப் போகிற நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பங்காருபேட்டையில் ஏறினார். இப்போது மாமனார் வீட்டோடு அங்கேதான் இருக்கிறாராம். ஆள் பாதியாகிவிட்டார். பெங்களூரில் ஏதோ அபார்ட்மெண்டின் தரைக்குக் கீழே, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளில் வேலை. சேறு அடைத்தால் உள்ளே இறங்கி வாருவது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினார். ஒரு நாள் உள்ளேயே மயங்கி விழுந்து, கயிறு கட்டித் தூக்கினார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "மேல நீச்சல் கொளம், கீழ நானு. தண்ணி ரெண்டும் ஒரே கட்டடத்துது தான்க்கா."

உன்னைப் பற்றிக் கேட்டார். கடல்பாசி வேலைக்குப் போகிறான், இறால் பண்ணைக் கழிவுத் தண்ணீரில் கயிறு கட்டி வளர்க்கிறார்களாம் என்று சொன்னேன். "நல்லா செய்யும் தம்பி. கையில ராசி கீது" என்றார். அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கூட இருந்தவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ ஏன் சொல்லல எல்லையா?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்க்கா."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன். பெத்தவளப் பத்திப் புள்ள கிட்ட நா போயி இன்னான்னு சொல்றது?"

ஒயிட்ஃபீல்டில் இறங்கப் போகும்போதுதான் ஒரு பட்டியலைப் பற்றிச் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, செய்தி மாதிரி சொன்னார். நகராட்சியில் கான்ட்ராக்டில் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கப் பெயர் எடுக்கிறார்கள். இடையில் நின்றுபோனவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். அவருடைய பெயரை மட்டும் எடுக்கவில்லை. "எம்மேல ஒரு கம்ப்ளைண்ட் கீதாம்க்கா" என்றார். யாருடைய கம்ப்ளைண்ட் என்று அவர் சொல்லவில்லை.

இந்த வாரம்தான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் கெட்டவர் இல்லை. ஃபைலை எடுத்துக் காட்டினார், உன் கையெழுத்து அழகாக இருந்தது.

"புகார் குடுத்தவர் நீங்களாம்மா?"

"என் பையன். ஆனா பவுடர் போட்டவ நான் சார்."

"இருக்கட்டும். நீங்க போட்டீங்கன்னு யாரும் கம்ப்ளைண்ட் குடுக்கலையே. குடுத்தவரே வந்து எழுதிக் குடுத்தாத் தான் இத எடுக்க முடியும். வெள்ளிக்கிழம லிஸ்ட் மேல போயிடும்."

சிரிப்பு வந்தது எனக்கு. குற்றம் செய்யாதவர் மேல் ஒரு தாள் போதும். குற்றம் செய்தவள் நேரில் வந்து நின்றால் அதை வாங்கி வைக்க ஃபைல் இல்லை.

உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "வுடு. அவன் நிம்மதியாப் போவட்டும். அங்க போயி வேல செய்யற நேரத்துல மண்டையில இத ஏத்தாத" என்றார். நீ அந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது எழுதின தாளை நான் படித்தது உனக்குத் தெரியாது. கோலார் தங்கவயலில் செய்த சோதனை ஒரு தொழிலாளியின் நாசவேலையால் நின்றது, கீழ்மட்ட ஆட்களின் ஒத்துழைப்பு கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இனி நீ போகிற இடத்திலெல்லாம் அது உன்னோடு வரும். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிற பெண்களிடம் நீ வேலை வாங்கப் போகிறாய். ஏதாவது தவறிப்போன ஒரு நாளில், யார் என்று தேடும்போது, உன் கண் முதலில் அவர்கள் மேல்தான் போய் நிற்கும். நான்தான் உன்னை அப்படிப் பழக்கினேன். பாசி தானாக வழிந்து கரைக்கு வராது ஸ்டீபா. நீ எவ்வளவு படித்து எவ்வளவு அழகாக அமைத்தாலும், கடைசியில் ஒரு கை உள்ளே இறங்கி அதை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை எப்போதும் ஒரே வகை ஆட்களின் கையாக இருப்பது ஏன் என்று உன் பாடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நானும் சொல்லித் தரவில்லை. அந்த மாதங்களில் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று தினமும் அளந்தாய். மனிதர்களை ஒரு மூட்டையை வைத்தே முடிவு செய்துவிட்டாய். பழியில் பெரிய பங்கு எனக்கு. உன் பங்கு சின்னது, ஆனால் அது உன்னுடையது.

நேற்றுச் சாயங்காலம் பங்காருபேட்டையில் எல்லையா வீட்டுக்குப் போனேன். அவர் வேலையிலிருந்து வரவில்லை. அவர் மனைவி ரத்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தெலுங்கில் ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கு மேலும் திட்டியிருக்கலாம். இந்தக் கடிதத்தை இந்த இடம் வரைக்கும் இரண்டு பிரதியாக எழுதினேன். ஒன்றை முடித்து, நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் பெங்களூரில் உன் ரூம் வாட்ச்மேனிடம் கொடுப்பேன். இன்னொன்றை இன்று காலை லைன் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன், உன் புகாரை நம்பினவர்கள் எல்லோரும் படிக்கிற மாதிரி. வசந்தா முதலில் படித்தாள். பாதிக் குடத்தோடு போய்விட்டாள். உன் அம்மாவைக் காப்பாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. அதை யோசித்துத் தயங்காதே.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நகராட்சி ஆபீசில் இரு. என்னைக் கூப்பிடாதே, நான் வந்தால் அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், விஷயம் அதில் போய்விடும். உன் விண்ணப்பத்தில் எழுதினதையும் அந்த ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் திருத்தி எழுது. அதற்காக அவர்கள் உன்னை வேண்டாம் என்றால், வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. புகாரைத் திரும்ப வாங்கும் தாளில் நீளமாக ஒன்றும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

எல்லையாவின் மேல் நான் கொடுத்த புகார் பொய். பிளீச்சிங் பவுடரைக் கொட்டியவர் என் தாய். அன்றைக்கு லைனில் எல்லோரையும் கேட்டேன், பக்கத்தில் நின்ற அவரை மட்டும் கேட்கவில்லை.

அம்மா